பூக்கும் வாரத்தில் வராத மழை

மக்காச்சோளம் தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பயிர் எந்த வயதில் காய்கிறது என்பதைப் பொறுத்தது அது. முளைத்து மூன்று வாரமான இளம்பயிர் வாடினால் அடுத்த மழையில் தெளிந்து எழுந்துவிடும். மணி முற்றிக்கொண்டிருக்கும் கட்டத்தில் காய்ந்தால் எடையில் கொஞ்சம் குறையும். ஆனால் விதைத்து ஐம்பது, அறுபது நாளில், உச்சியில் ஆண் பூங்கொத்து விரிகிற வாரத்திலும் அதற்கடுத்த வாரத்திலும் நிலத்தில் ஈரம் இல்லாமல் போனால் வந்தது வினை. பயிர் ஆளுயரம் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. கதிரை உரித்தால் இங்கே நாலு மணி, அங்கே பத்து மணி. சில செடிகளில் கதிரே இருக்காது.

ஜிம்பாப்வேயில் சட்சா, மலாவியில் ன்சிமா, கென்யாவில் உகாலி. பெயர்தான் வேறு, மூன்றும் மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறிய களி. அந்த நாடுகளில் சாப்பாடு என்றாலே அதுதான். மக்காச்சோளத்தின் பெரும்பகுதி அங்கே மானாவாரியாக, சிறு விவசாயிகளின் நிலத்தில் விளைகிறது. ஆகவே பூக்கும் அந்த இரண்டு வாரத்தில் மழை பெய்ததா இல்லையா என்பது, ஒரு குடும்பம் அடுத்த அறுவடை வரை எத்தனை வேளை சாப்பிடும் என்பதைத் தீர்மானிக்கிறது. வறட்சி தாங்கும் மக்காச்சோளத்துக்கான அரை நூற்றாண்டு முயற்சி முழுவதும் அந்த இரண்டு வாரத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது.

நெல்லிலும் கோதுமையிலும் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன. மகரந்தம் நகர வேண்டிய தூரம் மிகக் குறைவு. மக்காச்சோளம் அப்படியல்ல. ஆண் பூக்கள் செடியின் தலையில். பெண் பூக்கள் பாதி உயரத்தில், இலைக்கக்கத்திலிருந்து கிளம்பும் கதிரில். கதிரில் எத்தனை மணி உருவாகக்கூடுமோ அத்தனை சூல்கள். ஒவ்வொரு சூலிலிருந்தும் ஒரு பட்டிழை நீண்டு, உறையைத் தாண்டி வெளியே வர வேண்டும். கதிரின் நுனியில் குஞ்சமாகத் தொங்குகிறதே, அது இந்த இழைகளின் தொகுப்புதான். காற்றில் வரும் மகரந்தம் ஓர் இழையின்மேல் ஒட்டி, முளைத்து, அதன் வழியே கீழிறங்கிச் சூலை அடைந்தால் ஒரு மணி. இழை வெளியே வராவிட்டால் அந்த மணி இல்லை.

பட்டிழையின் எடையில் பெரும்பங்கு தண்ணீர். ஈரம் இருக்கும்போது ஒரே நாளில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளும். ஈரம் குறைந்தால் செடியில் முதலில் தடுமாறுவதும் அதுதான். இதில் ஒரு விபரீதம் இருக்கிறது: தலையிலுள்ள ஆண் பூங்கொத்து வறட்சியை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அது தன் நாளில் விரிந்து மகரந்தத்தைக் கொட்டிவிடும். நல்ல ஈரத்தில் மகரந்தம் கொட்டத் தொடங்குவதற்கும் பட்டிழை தலைகாட்டுவதற்கும் ஓரிரு நாள்தான் இடைவெளி. வறட்சியில் அது ஒரு வாரம், பத்து நாள் என்று நீளும். இழை வெளியே வரும்போது வயலில் மகரந்தம் தீர்ந்திருக்கும்.

மகரந்தம் கிடைக்காததுதான் காரணம் என்றால், வேறு செடியின் மகரந்தத்தைக் கையால் தூவினால் மணி பிடிக்க வேண்டும். தூவிப் பார்த்தார்கள், வாடிய செடியில் அப்போதும் சரியாகப் பிடிக்கவில்லை. 1991-இல் அமெரிக்காவின் ஜான் பாயரும் சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பூக்கும் நாட்களில் தண்ணீரை நிறுத்திவிட்டு, சர்க்கரையும் சத்துகளும் கலந்த திரவத்தைச் செடியின் தண்டுக்குள் நேரடியாகச் செலுத்தினார்கள். இலைகள் வாடித்தான் இருந்தன; ஆனால் கதிரில் மணி பிடித்தது. அதே அளவு வெறும் தண்ணீரைச் செலுத்தியபோது அந்தப் பலன் இல்லை. வாடிய இலையில் ஒளிச்சேர்க்கை நின்றுபோக, இளம் சூலுக்குச் சர்க்கரை வரத்து அறுந்துபோகிறது. பட்டினியால் அது கருகிவிடுகிறது என்பது இதிலிருந்து புரிந்தது. பிரான்சின் மோன்பெல்யே நகரில் பிரான்சுவா தார்தியூவின் குழு 2016-இல் வேறொரு பக்கத்தைக் காட்டியது. வறட்சியில் முதல் இழைகள் வெளிவந்த இரண்டு, மூன்று நாளில் எல்லா இழைகளின் வளர்ச்சியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நின்றுவிடுகிறது. அதற்குள் வெளியே வந்தவை தப்பித்தன. உறைக்குள் இருந்தவற்றின் சூல்கள் உதிர்ந்தன. கதிரின் அடிப்பகுதி இழைகள் மூத்தவை, நுனி இழைகள் இளையவை. வறட்சி கண்ட கதிர் நுனியில் மொட்டையாக இருப்பதன் காரணம் இதுதான்.

இவ்வளவு விவரம் தெரிவதற்கு வெகு முன்பே, கண்ணுக்குத் தெரிந்த அந்த இடைவெளியை மட்டும் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டவர்கள் மெக்சிகோவில் இருந்தார்கள்.

அதுவரை பயிர் இனவிருத்தி நடந்ததெல்லாம் நல்ல நிலத்தில். ஆராய்ச்சி நிலையத்து மண்ணுக்கு எருவும் உரமும் போட்டு, வேளைக்குத் தண்ணீர் பாய்ச்சி, களை இல்லாமல் வைத்திருந்து, அதில் எது அதிகம் விளைகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் நியாயமும் உண்டு. எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி ஈரமும் சத்தும் கிடைத்தால்தான், விளைச்சலில் தெரியும் வித்தியாசம் பரம்பரையால் வந்தது என்று நம்பலாம். காய்ந்த நிலத்தில் ஒரு குழி மண்ணில் ஈரம் இருக்கும், பக்கத்துக் குழியில் இருக்காது. விளைந்த செடி நல்ல செடியா, நல்ல இடத்தில் நின்ற செடியா என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்த முறை, வெறும் வண்டியைச் சமதரையில் இழுக்கவிட்டுப் பார்த்து உழவு மாடு வாங்குவதைப் போன்றது. அன்றைய ரொடீசியாவில் 1960-இல் வெளிவந்த எஸ்.ஆர். 52 என்ற வீரிய ஒட்டு ரகம் அந்தக் காலத்தின் அதிசயம். நீண்ட மழைக்காலமும் வளமான மண்ணும் கொண்ட பெரும் பண்ணைகளில் அது விளைச்சலைப் பெருக்கிக் காட்டியது. மழை குறைந்த, மணற்பாங்கான நிலங்களுக்குத் தள்ளப்பட்டிருந்த ஆப்பிரிக்க விவசாயிக்கு அது தோதான பயிரல்ல. குறுகிய வயதுள்ள ரகங்கள் அவர்களை எட்ட 1970-கள் வரை ஆயிற்று.

1966-இல் மெக்சிகோவில் தொடங்கப்பட்ட பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தைச் சுருக்கமாக சிம்மிட் என்பார்கள். அதற்கு மொரேலோஸ் மாநிலத்தின் த்லால்திசாப்பானில் ஒரு நிலையம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அங்கே ஏறக்குறைய மழையே கிடையாது. வறட்சியை ஆராய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் வேறில்லை: எந்த நாளில் தண்ணீரை நிறுத்த வேண்டுமோ அந்த நாளில் நிறுத்தலாம், நடுவில் மழை வந்து கெடுக்காது. 1970-களின் நடுவில் கென் ஃபிஷர், எல்மர் ஜான்சன், கிரெக் எட்மீட்ஸ் ஆகியோர் அங்கே ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்கள். மெக்சிகோவின் வெப்பமான தாழ்நிலத்துக்குரிய டுஷ்பெஞ்ஞோ என்ற மக்காச்சோள இனத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரே தாய் தந்தையிடமிருந்து வந்த விதைகள் ஒரு குடும்பம் என்று பிரித்து, ஒவ்வொரு குடும்பத்தையும் மூன்று விதமாக வளர்த்தார்கள். ஒன்றுக்கு நிறையத் தண்ணீர். இன்னொன்றுக்கு மிதமான வறட்சி. மூன்றாவதற்கு, பூக்கும் காலத்தில் கடும் வறட்சி.

காய்ந்த வயலில் விளைச்சலை மட்டும் அளந்து தேர்ந்தெடுப்பது ஏன் நம்பகமில்லை என்று மேலே பார்த்தோம். ஆனால் ஆண் பூங்கொத்து விரிந்த நாளுக்கும் பட்டிழை வந்த நாளுக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்துக் குறித்துவிடலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அதோடு, வறட்சி கடுமையாகும்போது விளைச்சலின் பரம்பரைத் தன்மை மங்கிப்போனாலும் இந்த இடைவெளியின் பரம்பரைத் தன்மை மங்குவதில்லை. இடைவெளி குறைந்த செடி, மணி பிடிக்கும் செடி. எண்ணுவதற்கு எளிதாகவும் ஏமாற்றாததாகவும் உள்ள அறிகுறி பயிர் அறிவியலில் அடிக்கடி கிடைக்கும் பொருளல்ல.

ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த குடும்பங்களைத் தேர்ந்து, அவற்றை ஒன்றோடொன்று கலந்து, அடுத்த சுற்றுக்குப் போனார்கள். எட்டுச் சுற்றுகள் முடிந்த பின் எட்மீட்ஸும் ஹொர்ஹே பொலான்யோஸும் 1993-இல் கணக்கை வெளியிட்டார்கள். சுற்று ஒன்றுக்கு எக்டேருக்குச் சுமார் 100 கிலோ விளைச்சல் கூடியிருந்தது. காய்ந்த நிலத்தில் மட்டுமல்ல, தண்ணீர் பாய்ந்த நிலத்திலும் கூடியிருந்தது. வறட்சிக்கென்று தேர்ந்தெடுத்தால் நல்ல வருஷத்து விளைச்சலை இழக்க நேரும் என்று அதுவரை பலர் அஞ்சியது நடக்கவில்லை.

செடிக்குள் என்ன மாறியது என்று தோண்டிப் பார்த்தபோதுதான் ஆச்சரியம். வறட்சி தாங்கும் செடி என்றால் ஆழமாக வேர்விட்டு அதிக நீரை உறிஞ்சும் செடி என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே மேல்மண்ணில் வேரின் அளவு குறைந்திருந்தது. இலையின் நீர்நிலையிலும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஆண் பூங்கொத்தில் கிளைகள் குறைந்து அது சிறுத்திருந்தது. செடி சம்பாதித்த சர்க்கரையின் அளவில் பெரிய வேறுபாடில்லை. அதில் கூடுதல் பங்கை, பூக்கும் நாளில், இளங்கதிருக்கு ஒதுக்கியிருந்தது. அதனால் பட்டிழை நேரத்தில் வந்தது. வறட்சி தாங்குதல் என்பது நீரைப் பற்றியது மட்டுமல்ல, இருப்பதை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதைப் பற்றியதும்கூட என்பதை த்லால்திசாப்பான் வயல்கள் காட்டின. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பயிர் ஆராய்ச்சி கண்ட மிக அழகான முடிவுகளில் இது ஒன்று.

மெக்சிகோவில் கற்றதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகும் அவசரத்தை ஏற்படுத்தியது 1991-92 பருவத்து வறட்சி. தெற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பயிர் கருகியது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்து பழகிய ஜிம்பாப்வே, கப்பல் கப்பலாக இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மரியான் பென்சிகர் ஜிம்பாப்வேயின் ஹராரேயிலுள்ள சிம்மிட் நிலையத்துக்கு வந்தார். அவர் வறட்சியோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தார். அங்குள்ள சிறு விவசாயியின் நிலத்தில் மழை மட்டும் குறைவல்ல, தழைச்சத்தும் குறைவு. யூரியா மூட்டை வாங்கக் கையில் காசு இருக்காது. ஆகவே சில வயல்களில் பல பருவங்களாக உரமே போடாமல் பயிரிட்டு, தட்டையையும் அகற்றி, மண்ணை வேண்டுமென்றே வறியதாக்கினார்கள். இன்னொரு பக்கம், நாட்டின் தென்கிழக்கே வெப்பமான சிரெட்சி பகுதியில், மழையில்லாக் குளிர்காலத்தில் பாசனத்தை நிறுத்தி வறட்சிச் சோதனை. இரண்டிலும் தேறியவைதான் அடுத்த கட்டத்துக்குப் போயின.

நிலையத்தில் தேறுவதோடு விடவில்லை. ‘தாய்-சேய்’ சோதனை என்றொரு முறையைக் கையாண்டார்கள். ஊருக்கு நடுவில், பள்ளிக்கூடம் போன்ற பொது இடத்தில், எல்லா ரகங்களும் அடங்கிய ஒரு தாய் வயல். அதைச் சுற்றியுள்ள விவசாயிகள் ஒவ்வொருவரும் சில ரகங்களைத் தங்கள் நிலத்தில், தங்கள் வழக்கப்படி, தங்களால் இயன்ற உரத்தோடு வளர்த்துப் பார்க்கும் சேய் வயல்கள். விளைச்சலை மட்டுமல்ல, மாவு எப்படி, இடிக்க எளிதா, குதிரில் வண்டு விழுகிறதா என்பதையும் விவசாயிகளே சொன்னார்கள். இப்படி வந்த ரகங்களில் இசட்.எம். 521 புகழ்பெற்றது. அது வீரிய ஒட்டு அல்ல. திறந்த மகரந்தச் சேர்க்கை ரகம். அறுவடையிலிருந்தே விதை எடுத்து வைத்து அடுத்த பருவம் விதைக்கலாம். கடனில்லாமல் பிழைக்க நினைக்கும் குடும்பத்துக்கு அது சிறிய விஷயமல்ல.

2006-இல் பென்சிகரின் குழு வெளியிட்ட ஆய்வு, இந்த வழியில் உருவான ஒட்டு ரகங்களைத் தனியார் நிறுவனங்களின் ரகங்களோடு ஒப்பிட்டது. எக்டேருக்கு 1 டன் மட்டும் விளையும் நிலையில் புதியவை 40 சதவீதம் கூடுதலாகத் தந்தன. 10 டன் விளையும் நிலையில் அந்தக் கூடுதல் 2.5 சதவீதமாகச் சுருங்கியது. வளமான நிலத்துக்காரருக்கு எந்த விதையும் ஏறக்குறைய ஒன்றுதான். விதையின் தகுதி உண்மையில் தேவைப்படுவது வறிய நிலத்துக்காரருக்கு. 1 டன் விளையும் காட்டில் 400 கிலோ கூடுவது பல மாதச் சாப்பாடு.

2007-இல் சிம்மிட்டும் நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனமும் சேர்ந்து 13 ஆப்பிரிக்க நாடுகளில் இந்த வேலையை விரித்தன. 2013-க்குள் 160-க்கும் மேற்பட்ட ரகங்கள் வெளிவந்தன. தென்கிழக்கு ஜிம்பாப்வேயில் நடந்த ஒரு கள ஆய்வின்படி, வறட்சி தாங்கும் ரகம் விதைத்தவர்கள் மற்றவர்களைவிட எக்டேருக்கு 617 கிலோ அதிகம் எடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு அது ஒன்பது மாதத்துக்கும் மேலான கூடுதல் உணவு.

மரபணு மாற்றத்தின் வழியும் உண்டு. மான்சாண்டோ நிறுவனம் மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவிலிருந்து, குளிர் அதிர்ச்சியைச் சமாளிக்க உதவும் புரதத்தின் மரபணுவை எடுத்து மக்காச்சோளத்தில் சேர்த்தது. 2011-இல் அமெரிக்க வேளாண் துறை அதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அதற்கு இணையான ரகங்கள் வழக்கமான இனவிருத்தியிலேயே கிடைக்கின்றன என்றும் தன் மதிப்பீட்டில் எழுதியது. 2017-இல் டூபாண்ட் பயனியர் ஆய்வாளர்கள் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையால் ஆர்காஸ்8 என்ற மரபணுவின் செயல்பாட்டைக் கூட்டி, பூக்கும் கால வறட்சியில் ஏக்கருக்கு 5 புஷல், அதாவது சுமார் 127 கிலோ, கூடுதலாக எடுத்ததைக் காட்டினார்கள். இவை மதிக்கத்தக்க பலன்கள்தான். ஆயினும் ஒற்றை மரபணு இதுவரை தந்ததைவிட, ஆயிரக்கணக்கான செடிகளைக் காயவிட்டுத் தேர்ந்தெடுத்த பொறுமை அதிகம் தந்திருக்கிறது. வறட்சி தாங்குவது ஒரு மரபணுவின் வேலையல்ல. ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக உதவும் பல மரபணுக்களின் கூட்டு வேலை.

விதை பாதிதான், மீதி மண்ணில் இருக்கிறது. ஜிம்பாப்வே அரசு 2020-இல் பெரிய அளவில் தொடங்கிய பும்வுட்சா திட்டத்தில், 39 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் கொண்ட துண்டு நிலத்தை உழுவதில்லை. மழைக்கு முன்பே மண்வெட்டியால் 1,456 குழிகள் எடுத்து, எருவும் உரமும் குழிக்குள் மட்டும் இட்டு, நிலத்தைச் சருகால் மூடுகிறார்கள். முதல் மழையின் நீர் குழியில் தங்குகிறது. மூடாக்கு அதை ஆவியாக விடுவதில்லை. மொத்தம் 52 வரிசை. ஒரு வரிசையின் விளைச்சல் வீட்டுக்கு ஒரு வாரச் சாப்பாடு என்பது கணக்கு. குழி எடுப்பது முதுகை ஒடிக்கும் வேலை, அதில் பெரும்பங்கு பெண்கள் தலையில் விழுகிறது. இதைச் சொல்லாமல் அந்தத் திட்டத்தைப் பாராட்டுவது சரியாகாது.

வறட்சி தாங்கும் பயிர் வறட்சியை வெல்லும் பயிரல்ல. 2024 தொடக்கத்தில், எல் நீனோ ஆண்டின் பிப்ரவரியில், பயிர் பூக்கும் நேரம் பார்த்து மழை பல வாரம் நின்றுபோனது. ஜாம்பியாவின் மக்காச்சோள அறுவடை முந்தைய ஆண்டில் பாதிக்கும் கீழே போயிற்று. ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே மூன்றும் தேசியப் பேரிடர் அறிவித்தன. அந்த அளவு வறட்சியில் எந்த விதையும் காப்பாற்றாது. மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் விதையோடு பயிர்க் காப்பீட்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது இதனால்தான்: நடுத்தர வறட்சியை விதை பார்த்துக்கொள்ளும், அதற்கு மேற்பட்டதற்கு ஈட்டுத்தொகை. இன்னொரு தடை, நல்ல ரகம் இருந்தும் கைக்கு வராதது. கென்யாவில் 1986-இல் வெளியான எச் 614 பல பத்தாண்டுகள் கழித்தும் பரவலாக விதைக்கப்பட்டு வந்தது. பழகிய விதையை விவசாயி நம்புவதில் தவறில்லை. புதியதை அவர் கண்முன் விளைவித்துக் காட்டுவதற்கும், கிராமத்துக் கடையில் மழைக்கு முன் அதை இருப்பில் வைப்பதற்கும்தான் போதிய பணமும் கவனமும் செலவிடப்படவில்லை.

இந்தியாவிலும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி மானாவாரிதான். பெரம்பலூர், அரியலூர் கரிசலில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்தால், கார்த்திகை, மார்கழியில் பருவமழை ஓயும் சமயத்தில் பயிர் பூக்கும். அங்கு விளையும் மணி நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனமாகிறது என்பதால், பூக்கும் வாரத்து மழை முட்டை விலை வரை எட்டுகிறது. பழனி பக்கத்து வாகரையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு இந்த நிலங்களையும் விட்டுவைக்கவில்லை; வறட்சியில் வாடிய இளம்பயிரில் அதன் சேதம் இன்னும் அதிகம்.

இப்போது இனவிருத்தியாளர்களைத் துரத்துவது வெப்பம். டேவிட் லோபெல் குழுவினர் ஆப்பிரிக்காவில் நடந்த 20,000-க்கும் மேற்பட்ட மக்காச்சோளச் சோதனைகளின் பதிவுகளை வானிலையோடு பொருத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 30 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் ஒரு டிகிரி அளவு கூடுதலாக ஒரு நாள் நின்றாலே விளைச்சல் 1 சதவீதம் குறைகிறது. வறட்சியும் சேர்ந்திருந்தால் 1.7 சதவீதம். வறட்சியை நன்றாகத் தாங்கிய சில தூய வரிசைகள், அதாவது ஒட்டு ரகங்களுக்குப் பெற்றோராகும் செடி வழிகள், வெப்பமும் சேர்ந்தபோது தோற்றுப்போயின. இரண்டையும் தாங்கியவை மிகச் சில. லா போஸ்டா செக்கியா என்ற மெக்சிகோ வறட்சித் தேர்விலிருந்து வந்த ஒரு வரிசை அவற்றில் ஒன்று.

நேரமும் குறைவு. தூய பெற்றோர் வரிசையை உருவாக்கத் தன்மகரந்தச் சேர்க்கை வழியில் ஆறேழு பருவம் ஆகும். பாதிக் குரோமோசோம் மட்டுமுள்ள செடியை உண்டாக்கி, அதை ஒரே தடவையில் இரட்டிக்கும் முறையில் இரண்டு பருவம் போதும். அதற்கான கூடங்கள் கென்யாவின் கிபோகோவில் 2013-இலும், கர்நாடகத்தின் குனிகலில் 2021-இலும் திறக்கப்பட்டன. தெற்காசியாவில் சோதனை வயல்களை, பூக்கும் நாள் கோடையின் உச்சத்தில் விழும்படி கணக்கிட்டு விதைக்கிறார்கள். அப்படித் தேறிய ராம்பூர் ஹைப்ரிட்-8, ராம்பூர் ஹைப்ரிட்-10 ஆகியவற்றை நேபாளம் விவசாயிகளுக்காக வெளியிட்டிருக்கிறது. ஒட்டு ரகம் என்பதால் அவற்றின் விதையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக, பெற்றோர் வரிசைகளைத் தனித்தனியாக நட்டு, பெண் வரிசையின் ஆண் பூங்கொத்தை விரியும் முன்பே கையால் பறித்து, உற்பத்தி செய்தாக வேண்டும்.